பழவேற்காட்டுத் துணி போன தூரம்

மலேசியாவில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவர்கள் பலர் கட்டம் போட்ட கைலி கட்டியிருப்பார்கள். அதற்கு அங்கே 'கைன் பெலிகாத்' என்று பெயர். நம் பழவேற்காடுதான் அந்த பெலிகாத். ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்கு இறாலும் நண்டும்தான் கவலை. ஆனால் இந்தத் துணி போன வழியிலேயே மனிதர்களும் போனார்கள். இரண்டில் எதற்குச் சட்டம் கூடவே போனது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் கசக்கும்.

டச்சுக்காரர்கள் இங்கே வந்ததே துணிக்காகத்தான். ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த கிழக்குத் தீவுகளில் சோழமண்டலத் துணி கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும். 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வெறும் வியாபாரக் கம்பெனி அல்ல. படை வைத்துக்கொள்ளவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை போடவும், நீதி வழங்கவும் 1602-ஆம் ஆண்டுச் சாசனம் அதற்கு உரிமை கொடுத்திருந்தது. துப்பாக்கியும் தராசும் தீர்ப்பும் ஒரே கையில்.

துணிக்கு அவர்கள் கொடுத்த கவனிப்பைச் சொல்ல வேண்டும். உள்ளூர் வணிகரிடம் முன்பணம் கொடுத்து, மாதிரித் துணியைக் காட்டி, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, சாயம் இப்படி என்று பேசி முடிப்பார்கள். நெய்து வந்ததும் பிரித்துப் போட்டு மாதிரியோடு ஒத்துப் பார்ப்பார்கள். இழை தளர்ந்திருந்தால் விலை குறையும், சாயம் சரியில்லை என்றால் திரும்பிப் போகும். ஒவ்வொரு கட்டுக்கும் கணக்கு, கடிதம், பொறுப்பாளி உண்டு.

அதே துறையில் ஆட்களும் ஏறினார்கள். 1618 முதல் 1620 வரை மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. சோற்றுக்கு வழியில்லாமல் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. 1621-ல் பாண்டாத் தீவுகளின் மக்களைக் கம்பெனிப் படை கொன்று குவித்துவிட, ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலைக்கு ஆள் இல்லை. 1622-23-ல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 1646-ல் மறுபடியும் பஞ்சம், மறுபடியும் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கும் கணக்கு எழுதினார்கள். சரக்குக் கணக்கு.

1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின் மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. துணி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதை விற்றார்கள். பின்னாலேயே கங்காணிகள் கூட்டிப்போன ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் போனார்கள்.

இந்த முறை சட்டமும் கூடப் போனது என்பது உண்மை. 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள் சேர்ப்பைக் கண்காணித்தது, இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். 1938-ல் தோட்ட முதலாளிகள் தினக்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தபோது, உதவி பெற்றுப் போகும் குடிபெயர்வையே இந்தியா நிறுத்தியது. ஐந்து காசுக்காக ஒரு அரசு அப்படி முறுக்கிக்கொண்டதை இன்று நினைத்தாலே வியப்பாக இருக்கிறது.

1942-ல் ஜப்பானியப் படை மலாயாவைப் பிடித்ததும் அவ்வளவும் காற்றில் போனது. கப்பல் வராததால் துணிப் பஞ்சம் வேறு. சில மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிடித்து ஏற்றியும் தோட்டத் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. கைலி கட்டிப் போனவர்கள் அந்தக் காட்டில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், தமிழர் என ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது ஒரு மதிப்பீடு.

பக்கத்திலேயே 60,000-க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதே மண்ணை வெட்டினார்கள். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் அவர்களைப் பற்றிப் பேசியது. ஜப்பான் அதை மீறியது என்றாலும், மீறல் என்று சொல்லிக் கூண்டில் ஏற்ற ஒரு ஏடு இருந்தது. கூலிக்குப் போனவனுக்கு இருந்தது 1930-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்பு ஒப்பந்தம். ஜப்பான் 1932-லேயே அதை ஏற்றிருந்தது. ஆனால் போர் போன்ற அவசர நிலையில் வாங்கும் வேலையை 'கட்டாய உழைப்பு' என்று கொள்ள வேண்டாம் என்று அந்த ஒப்பந்தமே விலக்கு கொடுத்திருந்தது. சீருடை வந்து நிற்கும் வாசலை முன்கூட்டியே திறந்து வைத்த சட்டம் அது. அந்த ரயில் பாதையோரத்துக் காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் சுமார் 7,000 இருக்கின்றன. தமிழர்களுக்கு அப்படி இல்லை.

1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் 51-ஆம் பிரிவில் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. ஆக்கிரமித்த படை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, நியாயமான கூலி தர வேண்டும், வேலை அவர்கள் இருக்கும் ஆக்கிரமிப்புப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். மலாயாவிலிருந்து சயாமுக்கு ரயிலேற்றியது இன்றைக்கு நடந்தால் நேரடியான குற்றம்.

புலம்பெயர் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் காக்கும் ஐ.நா. ஒப்பந்தம் 1990-ல் வந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதில் உலகின் முன்வரிசையில் நிற்கும் இந்தியா இதுவரை அதை ஏற்கவில்லை. முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆட்களைக் கப்பலேற்றிப் பார்த்த கரை நம்முடையது. இந்த ஒரு கையெழுத்துக்கு இனியும் நாள் பார்க்கக் கூடாது.