யார் பெயருக்கு அர்ச்சனை?

சந்நிதியில் அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பெயருக்கு?" என்று கேட்கிறார். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் தடங்கலில்லாமல் சொல்லிவிடுகிறோம். ஒரு நாள், "தேசத்தின் பெயருக்கு" என்று சொல்ல நேர்ந்தால்? தேசத்துக்கு எந்த நட்சத்திரம்? எந்தக் கோத்திரம்?

1947 ஏப்ரல் தொடக்கத்தில் டில்லியில் எழுந்தது இந்தக் கேள்விதான். காந்திஜி அப்போது துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில், வால்மீகி கோயிலை ஒட்டித் தங்கியிருந்தார். மாலைதோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும். கீதை சுலோகம், பௌத்த மந்திரம், பார்சிகளின் மறைமொழி, குர்ஆன் வசனம், ராம நாம பஜனை எல்லாம் அதில் உண்டு. குர்ஆன் வசனம் ஓதக் கூடாதென்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். பஞ்சாபில் மார்ச்சில் மூண்ட கலவரத்தின் புண் ஆறாத சமயம் அது.

அந்த ஒருவரை வெளியே தள்ளுவது பெரிய காரியமல்ல. காந்திஜி இசையவில்லை. சரி, வசனத்தையாவது விட்டுவிடலாமே என்றால், அதற்கும் இசையவில்லை. பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார்.

இது என்ன பிடிவாதம் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். வசனத்தை விட்டால், அதை ஓதும் கோடானுகோடி ஜனங்களை விட்டதாகும். ஆட்சேபித்தவரைத் தள்ளினாலோ, அவரும் இந்தத் தேசத்து மனிதர்தானே! யாரேனும் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கும்பிடும் கும்பிடு, தேசத்துக்காகக் கும்பிட்டதாகுமா? சில நாட்களில் எதிர்ப்பு ஓய்ந்தது. வசனம் குறையாமல் பிரார்த்தனை நடந்தது.

பிறகு சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. அந்தக் குடியிருப்பில் அகதிகள் நிறைந்துவிட, செப்டம்பரில் டில்லி திரும்பிய காந்திஜி பிர்லா மாளிகையில் தங்கினார். 1948 ஜனவரி 20-ஆம் தேதி, அங்கே பிரார்த்தனை வேளையில் குண்டு வெடித்தது. குண்டு வைத்த இளைஞனை யாரும் வெறுக்க வேண்டாம் என்று மறுநாள் கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 30 அன்று படேலுடன் பேச்சு நீண்டதால், பிரார்த்தனைக்குச் சில நிமிஷம் தாமதம். நேரம் தவறியது அவருக்குப் பிடிக்கவில்லை, விரைந்து நடந்தார். மேடையை அடையவில்லை. அன்றைய பிரார்த்தனை நடக்கவில்லை.

தேசத்தின் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லுமுன், நமக்கு ஆகாத ஒருவனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல நம் நாக்கு எழுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.