வீடே முதல் பள்ளி: பயமுறுத்தாமல் வளர்க்கச் சொன்ன ஆசிரியை

பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் இரண்டு பழமொழிகள் உண்டு. ஒன்று, 'அடியாத மாடு படியாது'. மற்றொன்று, 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்'. முதலாவது பழமொழி கைக்குப் பிரம்பைக் கொடுக்கிறது. இரண்டாவது, பொறுமையைக் கேட்கிறது.

மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலம் முதலாவதையே பிடித்துக்கொண்டன. கிள்ளான் மளிகைக் கடைகளில் வண்ணக் கைப்பிடி வைத்த மெல்லிய ரோத்தான்கள் கொத்தாகத் தொங்கியதை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது பழமொழியின் வழியிலேயே ஒரு முழுக் கல்வி முறையை அமைக்கலாம் என்று ஓர் ஆங்கிலேய ஆசிரியை 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அவர் பெயர் சார்லட் மேசன். இன்று உலகின் பல பகுதிகளில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் கிறிஸ்துவக் குடும்பங்கள் பெரிதும் நம்புவது இவருடைய முறையைத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் மற்றப் பெற்றோருக்கும் இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

யார் இந்த மேசன்?

1842-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர் மேசன். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, பிராட்போர்டு நகரில் தாய்மார்களுக்காகச் சில சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவையே 1886-ல் 'ஹோம் எஜுகேஷன்' என்ற நூலாக வெளிவந்தன. மறு ஆண்டு பெற்றோருக்கான கல்விச் சங்கம் ஒன்று உருவானது. 1892-ல் ஆம்பிள்சைட் என்ற ஊரில் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். தபால் வழியாகப் பாடத்திட்டம் அனுப்பும் பள்ளியையும் நடத்தினார். காலனி நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் அந்தப் பாடங்களை வரவழைத்துக்கொண்டன. 1923-ல் அவர் காலமானார்.

இவருடைய முறை வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் யார்க்‌ஷயரின் டிரிக்லிங்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில், சாதாரணப் பள்ளி ஒன்றில் இந்த முறை கொண்டுவரப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் உயர்ந்த இலக்கியத்தை விரும்பிப் படிக்கும் என்பது அங்கே தெரியவந்தது.

பயமும் வேண்டாம், பாச மிரட்டலும் வேண்டாம்

மேசனின் முதல் கொள்கை எளிமையானது. பிள்ளை என்பது பிறந்த நாள் முதலே ஒரு முழு மனிதப் பிறவி. நிரப்பப்பட வேண்டிய காலிப் பாத்திரம் அல்ல. கடவுள் கொடுத்த அந்த ஆளுமையை மதிப்பவர், பயத்தைக் காட்டிப் பாடம் புகட்ட மாட்டார்.

இதுவரை சொன்னதை ஒப்புக்கொள்வோர் பலர் இருப்பார்கள். ஆனால், அவர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பாசத்தைக் காட்டியும் பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது என்கிறார். 'அம்மா மேல் பாசம் இருந்தால் இதைச் செய்' என்பதும் ஒருவகை மிரட்டலே. ரோத்தானைத் தூக்கி எறிந்த பல வீடுகளில் இன்று அதன் இடத்தைப் பிடித்திருப்பது இந்த மிரட்டல்தான்.

பிறகு எப்படித்தான் வளர்ப்பது? மூன்று கருவிகள் போதும் என்றார் மேசன். வீட்டின் சூழல், நல்ல பழக்கம், உயிருள்ள எண்ணங்கள்.

பழக்கத்துக்கு அவர் காட்டும் உதாரணம் கதவு. கதவைச் சாத்தாமல் ஓடும் பையனைத் தாய் திட்டுவதில்லை. 'எத்தனை தடவை சொல்வது?' என்று கத்துவதும் இல்லை. இன்முகத்துடன் திரும்ப அழைக்கிறாள். நம் வீட்டு வழக்கில் சொன்னால், 'தம்பி...' என்ற ஒரே சொல், ஒரு பார்வை. அவனே நினைவுகூர்ந்து சாத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே பழக்கம். அது ஊன்றும் வரை தாய் ஒரு நாளும் அசரக் கூடாது. மென்மையான வளர்ப்பு என்பது கண்டும் காணாமல் விடுவது அல்ல. பிள்ளையைவிடப் பெற்றோரையே அதிகம் கட்டுப்படுத்தும் முறை அது.

பாடமும் அப்படித்தான். ஆறு வயதுக்கு முன் முறையான பாடம் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 15 அல்லது 20 நிமிடம். நல்ல நூலிலிருந்து ஒரு பகுதியை ஒரே முறை வாசிக்க வேண்டும். கேட்ட பிள்ளை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே சென்று மரத்தையும் பறவையையும் பார்த்து, நோட்டில் வரைந்துவைக்க வேண்டும். மதிப்பெண், பரிசு, போட்டி ஆகியவற்றைக் காட்டி ஆசையூட்டக் கூடாது. அறிவுப் பசி பிள்ளைக்கு இயல்பிலேயே உண்டு என்பது அவர் நம்பிக்கை.

தமிழர் அறியாத ஒன்றா?

வீட்டில் கல்வி என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடம் ஊரிலே ஒரு வீட்டின் திண்ணையில்தான் நடந்தது. மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் மனத்தில் பதிந்தன. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் போதகர் சீகன்பால்குவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார். ஆனால் அதே திண்ணையில் பிள்ளையின் கைகளைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது.

இந்தக் கொடுமையைத் தமிழ்க் கிறிஸ்துவர் ஒருவர் நகைச்சுவையாகவே குத்திக்காட்டினார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை பிரதாபன் வீட்டிலேயே பாடம் படிக்கிறான். அவன் படிக்காவிட்டால் அடி விழுவது அவனுக்கல்ல, ஆசிரியரின் மகன் கனகசபைக்கு! ஒருவனுக்குச் செல்லம், மற்றவனுக்கு அடி. இரண்டுமே கல்வி ஆகாது. அதே வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காகவும் நூல் எழுதினார். மேசனின் நூல் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுந்த குரல் அது.

பெரட்டு பறித்துக்கொண்ட நேரம்

அந்தக் குரல் மலாயாத் தமிழர்களின் வீடுகளை ஏன் எட்டவில்லை? பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம். அவர்களிடம் நேரம்தான் இல்லை.

மேசனின் நூல் வெளியான அதே 1886-ல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் திசையில் புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேயை நம்பி வந்த தமிழர்களால் பிரிக்பீல்ட்ஸ் நிறைந்தது. பின்னர் ரப்பர் வந்தது; கிள்ளான் வட்டாரம் தோட்டங்களால் சூழப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போன தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். அவள் எந்த வீட்டில், எந்த நேரத்தில் பிள்ளைக்குக் கதை சொல்வாள்?

எனவே கல்வி பள்ளியின் பொறுப்பாகவே ஆனது. 1816-ல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம். கோலாலம்பூரில் மெதடிஸ்ட் மிஷன் 1897-ல் தொடங்கிய ஆண்கள் பள்ளி, ஆரம்பத்தில் ஆங்கில-தமிழ்ப் பள்ளியாக இருந்தது. 7 முதல் 14 வயது வரையிலான பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் கொட்டகையே பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். 'கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடியுங்கள்' என்று பிள்ளையை ஒப்படைத்த தகப்பன், தனக்கில்லாத நேரத்தை வாத்தியாரிடம் கேட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தன. பெரட்டின் இடத்தை எல்.ஆர்.டி.யும் ஷிப்ட் வேலையும் பிடித்துக்கொண்டன. பிள்ளையின் மாலை நேரம் டியூஷனுக்குப் போனது. 1988-ல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு, 'ஏழு ஏ' என்ற கனவையே பல வீடுகளின் ஒரே பேச்சாக்கியது. 2021-ல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் அதனுடன் போய்விடவில்லை.

இந்த நெருக்கடியிலிருந்து விலகவே சிலர் வீட்டுக் கல்வியை நாடுகிறார்கள். அவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002-ல் திருத்தப்பட்டு, 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கே உண்டு. பள்ளிக்கே போகாமல் நின்றுவிடும் ஏழைப் பிள்ளைகளுக்கு இச்சட்டம் ஒரு பாதுகாப்பு. ஆகவே, அனுமதி பெறாமல் பிள்ளையை நிறுத்துவது துணிச்சல் ஆகாது.

தமிழ் எங்கே போகும்?

சட்டத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மேசன் வழியில் பாடம் நடத்த இன்று கிடைக்கும் புத்தகப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அமெரிக்க, இங்கிலாந்துக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. தமிழ்ப்பள்ளியிலிருந்து விலகிய பிள்ளைக்கு வீட்டிலும் ஆங்கில நூல்களே என்றால், அந்த வீட்டில் தமிழ் ஒரே தலைமுறையில் சமையலறைப் பேச்சாகச் சுருங்கிவிடும். தாத்தாவின் தமிழ் வேதாகமத்தைப் பேரன் வாசிக்க முடியாமல் போகும்.

அது மேசனுக்கே விரோதமானது. அவர் காலத்துப் பேரரசு மனப்பான்மை அவர் எழுத்திலும் உண்டு. ஆங்கிலேயப் பிள்ளை முதலில் தன் நாட்டு வரலாற்றைப் படிக்க வேண்டும் என்றார். தன் வீட்டருகே உள்ள செடியையும் பறவையையும் அறிய வேண்டும் என்றார். அந்த விதியை இங்கே பொருத்தினால் என்ன கிடைக்கிறது? பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைக்கு டாஃபோடில் மலரைவிடத் தூங்குமூஞ்சி மரமும் மைனாவும் முதல் பாடம். கிள்ளான் பிள்ளைக்குக் கிள்ளான் ஆறும் துறைமுகத்துச் சதுப்புக் காடும் பாடம். சஞ்சிக்கூலியாகக் கப்பலேறிய பாட்டனின் கதை வரலாறு. திருக்குறளும் தமிழ் வேதாகமமும் மனப்பாடம்.

கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்குப் பிள்ளைக்கு ஒரு மொழி சொந்தமாக இருக்க வேண்டும். பாட்டியிடம் தமிழில் கதையைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை, மேசன் கேட்ட பாடத்தையே படிக்கிறது. பாட்டி அவர் பெயரைக் கேட்டிருக்கத் தேவையில்லை.

மேசன் முதலில் பேசியது பெற்றோரிடம். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படித்தாலும், தேசியப் பள்ளியில் படித்தாலும், அனுமதியோடு வீட்டிலேயே படித்தாலும் இந்தப் பொறுப்பு மாறுவதில்லை. இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு 15 நிமிடம் ஒரு நல்ல தமிழ்க் கதை. 'எங்கே, நீ சொல்லு பார்ப்போம்' என்ற ஒரு வார்த்தை. மாதத்துக்கு ஒரு நல்ல பழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாத நாக்கு. இதற்குக் கட்டணம் இல்லை. தோட்டத்துத் தாய்க்கு அன்று பெரட்டு விட்டுவைக்காத அந்த 15 நிமிடத்தை, இன்றைய பெற்றோர் தேடி எடுத்துக் கொடுக்க முடியும். கொடுக்க வேண்டும்.