எந்தப் பிராணியைக் கேட்பது?

உடம்பின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு அனுப்பும் ஓலைதான் ஹார்மோன். நாம் தயாரித்த சில ரசாயனங்கள் பொய் ஓலையாக உள்ளே நுழைந்துவிடுகின்றன. இதை எந்தப் பிராணியில் சோதித்தறிவது என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. நான் படித்தறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-ல் சிகாகோ ஆய்வு 'பலனில்லை' என்றது. ஆனாலும் மருந்து நிற்கவில்லை. 1971-ல் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் பாஸ்டனில் அரிய வகைப் புற்றுநோய் வந்த 8 இளம்பெண்களை ஆராய்ந்தார். அவர்களில் 7 பேரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் இதைச் சாப்பிட்டவர்கள்! கருவிலிருக்கும் சுண்டெலிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்து ஜான் மெக்லாக்லன் கோளாறுகளைக் காட்டியது அதற்குப் பிறகுதான். 

சரி, சுண்டெலி போதுமா? போதாது என்று சொன்னது ஒரு கடல் நத்தை. 1970-ல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்திருப்பதை ஸ்டீபன் பிளேபர் பதிவு செய்தார். கப்பலின் அடிப்பாகத்தில் பூசும் பெயிண்டிலிருந்த டிரைபியூட்டைல்டின்தான் காரணம் என்பது 1980-களில் உறுதியானது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு போதும். முட்டை வெளிவரும் வழி அடைபட்டு, சில இடங்களில் நத்தை இனமே பூண்டற்றுப் போனது. எலியை மட்டும் நம்பியிருந்தால் இது அகப்பட்டிருக்குமா? இந்தப் பெயிண்டைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு, 2008-ல் அமலுக்கு வந்தது.

ஓஇசிடி அமைப்பின் சோதனை நெறிகளில் எலியின் கருப்பைச் சோதனை 2007-லும், தவளைத் தலைப்பிரட்டையின் தைராய்டு சோதனை 2009-லும் சேர்ந்தன. முதலில் சாட்சி சொன்ன நத்தையினத்துக்கு இடம் கிடைத்தது 2016-ல்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் இருபது வருஷத்துக்கும் மேலாக எண்டோசல்ஃபான் மருந்தை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் அங்கே 117 பள்ளிப் பையன்களை, மருந்து படாத 90 பேரோடு ஒப்பிட்டார்கள். பருவ வளர்ச்சி தாமதப்படலாம் என்று 2003-ல் எழுதினார்கள். மாதிரி சிறியது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011-ல்.

'பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தப் பிராணியில் பார்த்தீர்கள்? அதன் எந்த வயதில் பார்த்தீர்கள்? இதைக் கேட்கத் தவறினால், நம் பிள்ளைகளே சோதனைப் பிராணிகளாகிவிடுவார்கள்.