பிரிந்து சென்ற தந்தையும் பிள்ளையின் தாபரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

சட்ட வரலாற்றை நாம் பெரும்பாலும் காணி, வரி, ஆட்சியுரிமை என்பவற்றைக் கொண்டே எழுதி வந்துள்ளோம். தாயோ தந்தையோ நீங்கிய வீட்டிற் பிள்ளையை வைத்து வளர்ப்பவர் யார், அதற்கான செலவைக் கொடுப்பவர் யார் என்னும் இரு வினாக்களும் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றன. யாழ்ப்பாணத்து வழமையில் இவை இணைந்திருந்தவாற்றையும், பின்னர் இலங்கைச் சட்டத்திற் பிரிந்தவாற்றையும் இங்கு சுருக்கமாக ஆராய்வோம்.

ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக் தொகுத்து, 1707இல் முதலியார்கள் பன்னிருவரின் பார்வைக்குட்பட்ட தேசவழமை, இவ்விடயத்தில் தெளிவான ஏற்பாடொன்றைக் கொண்டுள்ளது. மனைவியை இழந்த தந்தை மறுமணஞ் செய்ய விரும்பின், சிறு பிள்ளைகளை அவனுடைய மாமியாரோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பர். அவ்வேளை இறந்தவளின் சீதனம் முழுவதையும், முதல் மணக்காலத்துத் தேடிய தேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளுடன் சேர்த்துக் கையளித்தல் வேண்டும். பிள்ளை செல்லுமிடத்திற்கே சொத்தும் சென்றது. தந்தை மனம் மாறினும், ஊர் பெயரினும், வளவும் வயலும் பெயர்வதில்லை.

ஆயினும் இவ்வழமையை நாம் மிகைப்படப் போற்றுதல் பொருந்தாது. இவ்வேற்பாடு இறப்பையும் மறுமணத்தையும் கருதியதேயன்றி, உயிரோடிருந்தும் கைவிட்டுச் சென்ற தந்தையைக் கருதியதன்று. சொத்தற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இதனால் விளைந்த பயனும் சிறிதே.

அக்குறையை ஓரளவு நிரப்பியது 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டமாகும். போதிய வசதியிருந்தும் மனைவியையோ, தன்னைத் தானே பேணவியலாத பிள்ளையையோ தாபரியாது விட்டவன், மாதந்தோறும் பணங் கொடுக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். மணவுறவுக்குப் புறம்பே பிறந்த பிள்ளையும் இதனுள் அடங்கியமை குறிப்பிடத்தக்கது. எனினும் அப்பிள்ளையின் தாய் கூறும் சாட்சியம் மட்டும் போதாது. அதனை வலுவுறுத்தும் வேறு சாட்சியமும் வேண்டப்பட்டது. பிள்ளை பிறந்து 12 மாதங்களுக்குள் தந்தை எவ்வுதவியும் செய்யாதிருந்து, தாயும் அக்காலத்துள் விண்ணப்பிக்காது விடின், வழி அடைபட்டது.

பணங் கொடாதவனின் பொருள்களைக் கைப்பற்றப் பிடியாணை பிறப்பிக்கலாம். அதுவும் போதாதெனின், நிலுவையான ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம் வரை சிறையிடலாம். இங்கேயே அடிப்படை மாற்றமொன்றைக் காண்கின்றோம். முன்னர் நிலத்தைப் பற்றி நின்ற தாபரிப்பு, இப்போது ஒருவனின் வருவாயையும், இறுதியில் அவனது உடலையும் பற்றி நின்றது. சிறையிலிருப்பவன் உழைப்பதில்லை, தொழிலும் இருப்பிடமும் நிலையற்றவனைத் தேடிப் பிடிப்பதும் அரிது. ஆகவே கட்டளை கையிலிருந்தும், நீதிமன்றப் படியை மீண்டும் மீண்டும் ஏறும் சுமை தாயின் மீதே விழுந்தது.

பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமையோ வேறொரு வழியிற் சென்றது. நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், மணவுறவு நீடிக்கும் வரை தந்தைக்கே முன்னுரிமை அளித்தது. நாளாந்தம் பேணியவள் தாயாயினும், உரிமை கோரும்போது முன்னிற்பவன் தந்தையாயினான். இருபதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் படிப்படியாகப் பிள்ளையின் நலனுக்கு முதன்மை அளிக்கத் தலைப்பட்டன. சிறுவர் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்றமை இப்போக்கிற்கு வலுவூட்டியது.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கிற்று. தந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் இக்கடமை உரியதாயிற்று. 18 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளும் தாபரிப்புப் பெற இடமேற்பட்டது.

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் முடிவு ஒன்றேயாம். பிள்ளையின் சோறு, கொடுப்பவனின் மனநிலையில் தங்கியிருக்குமளவும் எக்கட்டளையும் நிறைவுடையதாகாது. பிள்ளை எங்கோ அங்கே அதன் பொருளும் எனத் தேசவழமை ஒரு சூழலிற் கண்ட நெறியை, நிலமற்ற கூலியாளனின் பிள்ளைக்கும் உறுதிசெய்தலே சட்டத்தின் முன்னுள்ள பணியென்பது எமது துணிபு.