பெயரை மூடினால் கவிதை யாருக்குப் புரிகிறது?

நாங்கள் நடத்தும் மாலை வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இங்கிலீஷ் போயம் எல்லாம் நமக்கு வராதுண்ணே." சொல்பவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். உவமை எது, ரைம் ஸ்கீம் எது என்று கேட்டால் நோட்ஸில் இருப்பதை ஒப்பிக்கிறார்கள். இந்த வரி என்ன சொல்கிறது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கவிதை புரிவது பரம்பரையாகப் படித்த வீட்டுக்குத்தான் வரும் என்று நம்மை நம்பவைத்தது யார்? வரலாறு வேறு கதை சொல்கிறது, தோழர்களே.

1920களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். சில கவிதைகளை அச்சடித்து மாணவர்களிடம் கொடுத்தார். எழுதியவர் பெயர் இல்லை. ஒரு வாரம் வைத்துப் படித்துக் கருத்தை எழுதித் தர வேண்டும். மாணவர்களும் தங்கள் பெயரைப் போடத் தேவையில்லை. அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டின் விலை உயர்ந்த பள்ளிகளில் படித்து வந்தவர்கள்.

விளைவு? பலருக்கு வரிகளின் நேரடிப் பொருளே பிடிபடவில்லை. ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்ற பெரும் கவிஞர்களின் படைப்புகளைப் பலர் மட்டம் என்று ஒதுக்கினார்கள். 13 கவிதைகளுக்கு வந்த கருத்துகளை 1929இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூலாக ரிச்சர்ட்ஸ் வெளியிட்டார். பெரிய பெயர் மறைந்ததும் மேட்டுக்குடி ரசனை தடுமாறியது. கவிதை வாசிப்பு பிறப்பால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பெயர் வெளியே தெரிந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஃபிலிஸ் வீட்லி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு 1761இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்கப்பட்ட சிறுமி. ஏற்றி வந்த கப்பலின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். 1773இல் அவரது கவிதை நூல் லண்டனில் வெளிவந்தது. இதை அவர்தான் எழுதினார் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்றிதழும் அந்த நூலில் அச்சானது. எந்த வெள்ளைக் கவிஞரிடம் இப்படிச் சான்றிதழ் கேட்டார்கள்? அதன் பிறகும், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன், அவர் கவிதைகள் விமர்சிக்கக்கூடத் தகுதியற்றவை என்று எழுதினார். ஜெபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர்.

அப்படியானால் பெயரை எப்போதும் மூடியே வைக்கலாமா? ரிச்சர்ட்ஸுக்குப் பின் வந்த அமெரிக்க விமர்சகர்கள் சிலர் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள். கவிஞரின் வாழ்க்கை வேண்டாம், கவிதை மட்டும் போதும் என்ற அந்த முறை, 1938இல் வந்த 'அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி' போன்ற பாடநூல்கள் வழியாக வகுப்பறைகளில் பரவியது. இங்கேதான் நாம் நிற்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதைப் பற்றி வீட்லி எழுதிய சிறு கவிதையைப் பெயரை மூடிப் படித்தால், அது நன்றி சொல்வது போலத் தோன்றும். எஜமானர் வீட்டில் அடிமையாக இருந்துகொண்டு எழுதியது என்று தெரிந்த பிறகு, கறுப்பரை இழிவாகப் பார்க்கும் கிறிஸ்தவர்களுக்கு அவர் கடைசியில் நினைவூட்டுவது வேறாகக் கேட்கிறது. நன்றிக்குள் ஒரு கண்டனம் இருக்கிறது.

ஆகவே நாங்கள் ஒரு கவிதையை இரண்டு முறை படிக்கச் சொல்கிறோம். முதல் முறை பெயரை மூடிவிட்டு: ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது? இங்கே எல்லாப் பிள்ளையும் சமம். இரண்டாம் முறை பெயரைத் திறந்து: பேசுவது யார், யாரிடம்? எதை நேராகச் சொல்ல முடியவில்லை? உவமையும் ரைம் ஸ்கீமும் அதற்குப் பிறகு வரட்டும்.

உங்கள் தெருவில் பாடம் எடுக்கும் தோழர்களும் இதைச் செய்து பாருங்கள். "நமக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் கேம்பிரிட்ஜ் கதையைச் சொல்லுங்கள்.