வீட்டில் செய்யும் கோரஸ் பெடல்: சத்தம் வராவிட்டால் ஐசியைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

ஒரே பாடலை இருவர் சேர்ந்து பாடும்போது, நேரத்திலும் சுருதியிலும் சிறு வேறுபாடு இருக்கும். குரலுக்குச் செழுமை தருவது அதுதான். கோரஸ் பெடல் இதையே ஒரு கிற்றாரைக் கொண்டு செய்கிறது: ஒலியின் ஒரு பிரதியைச் சில மில்லிசெக்கன்கள் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்து, மூல ஒலியுடன் கலக்கிறது.

தாமதத்தை உண்டாக்கும் ஐசியின் தத்துவத்தை 1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தின் சாங்ஸ்டர், டீர் ஆகியோர் உருவாக்கினர். தீயணைக்க வரிசையில் நின்று வாளிகளைக் கைமாற்றுவதுபோல, மின்னேற்றம் ஒரு கொள்ளளவியிலிருந்து அடுத்ததற்கு நகர்கிறது. ரோலண்ட் நிறுவனம் 1975இல் ஜேசி-120 அம்பிளிபயரிலும், 1976இல் பொஸ் சீஈ-1 பெடலிலும் கோரஸை அறிமுகப்படுத்தியது.

நான் பயன்படுத்தியது எம்என்3207 ஐசியும் அதற்குக் கடிகாரத் துடிப்பு வழங்கும் எம்என்3102 ஐசியும். முன்னதில் 1024 படிகள் உள்ளன. துடிப்பு 100 கிலோஹேர்ட்ஸ் எனில் தாமதம் 5.12 மில்லிசெக்கன், 50 எனில் 10.24. இவற்றுடன் மெதுவான அலையை உண்டாக்கவும் ஒலியைக் கலக்கவும் இரண்டு ஒப்-அம்ப் ஐசிகள், சில தடையிகள், கொள்ளளவிகள் போதும். சாதாரண பாகங்களைக் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கலாம். தாமத ஐசியை இணையம் மூலம் தருவிக்க நேர்ந்தது.

சோல்டர் செய்து முடித்து இணைத்தேன். கிற்றார் ஒலி கேட்டது, கோரஸ் இல்லை. ஐசி போலியானது என்று முடிவுகட்டி, கழற்றி வீசிவிட்டு இன்னொன்றைத் தருவித்தேன். வாரக்கணக்கில் காத்திருந்து பொருத்தினால் அதே நிலை. பிழை ஐசியில் இல்லை. அதன் உள்ளீட்டு மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும் சிறிய மாறும் தடையியை நான் திருப்பவே இல்லை. அது சரியான இடத்தில் இல்லாவிட்டால் நல்ல ஐசியும் ஊமைதான்.

ஆகவே, கோரஸ் கேட்காவிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் மின்வழங்கல். எம்என்3207 தாங்குவது 10 வோல்ட் வரையே. 9 வோல்ட் கொடுங்கள், 12 வோல்ட் அடப்டர் வேண்டாம். பழைய வரைபடங்களில் உள்ள எம்என்3007க்குப் பதிலாக இதை அப்படியே செருகவும் கூடாது. இரண்டுக்கும் மின்வழங்கலின் துருவங்கள் எதிரெதிரானவை.

இரண்டாவது கடிகாரம். அலைகாட்டி தேவையில்லை. மல்டிமீற்றரை நேர்மின்னோட்ட வோல்ட்டில் வைத்துத் துடிப்பு வெளிவரும் கால்களை அளந்தால், வழங்கும் வோல்ட்டின் ஏறக்குறைய பாதி காட்ட வேண்டும். பூச்சியமோ முழு வோல்ட்டோ காட்டினால் துடிப்பு இல்லை.

மூன்றாவது அந்த மாறும் தடையி. கிற்றாரை மீட்டியபடி மிக மெதுவாகத் திருப்புங்கள். ஓர் ஒடுங்கிய இடைவெளியில் மட்டும் ஒலி எழும். அதற்குள் கரகரப்பு மிகக் குறைவான இடத்தில் நிறுத்துங்கள்.

நான்காவது மெதுவான அலை. அதன் வெளியீட்டில் மீற்றரின் எண் சீராக ஏறி இறங்க வேண்டும்.

ஐசிகளை நேரடியாகச் சோல்டர் செய்யாமல் சொக்கெட்டில் பொருத்துங்கள். நான் அப்படிச் செய்திருந்தால், சூட்டோடு கழற்றி வீசிய முதல் ஐசி இன்றும் என் மேசையில் இருந்திருக்கும்.