இரண்டு கட்சி, ஒரு பெயர்

தேர்தல் கணக்கு படிப்பது சுவையான காரியமல்ல என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலின் கணக்கைப் பார்த்த பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். சோஷலிஸ்டுகளுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஓட்டு. லோக சபையில் கிடைத்ததோ 12 இடம். கம்யூனிஸ்டுகளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுத்தான், இடம் 16! காங்கிரஸை விட்டு வந்த ஆசாரிய கிருபளானி 1951-ல் தொடங்கிய கிஸான் மஜ்தூர் பிரஜா கட்சிக்கு 9.

பன்னிரண்டும் ஒன்பதும் இருபத்தொன்று. இந்தக் கூட்டல் யாருக்குத்தான் ஆசை காட்டாது? 1952 செப்டம்பரில் பம்பாயில் இரண்டும் ஒன்றாயின. அங்கிருந்து ‘பிரஜா’, இங்கிருந்து ‘சோஷலிஸ்ட்’. பிரஜா சோஷலிஸ்ட் கட்சி என்று பெயர். பெயரைத் தைத்தவர்கள், ஆட்சி கைக்கு வந்தால் எப்படி நடப்பது என்பதைச் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள் போலும்.

ஆட்சி சீக்கிரமே வந்துவிட்டது. 1954 மார்ச்சில் திருவிதாங்கூர்-கொச்சியில், 19 இடமே பெற்றிருந்த இக்கட்சி, காங்கிரஸ் ஆதரவுடன் மந்திரிசபை அமைத்தது. பட்டம் தாணு பிள்ளை முதல் மந்திரி. தெற்கே இருந்த தமிழ்த் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேரவேண்டும் என்று அப்போது கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டார்கள். பிழைப்புக்குப் போன மனிதர்களும் பிணமானார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கட்சியின் பொதுக் காரியதரிசி ராம் மனோகர் லோகியா அச்சமயம் உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். அங்கிருந்தே தந்தி கொடுத்தார்: மந்திரிசபை ராஜிநாமாச் செய்யவேண்டும். சுடும் சர்க்கார் சோஷலிஸ்ட் சர்க்காராக இருக்க முடியாது என்பது அவர் வாதம். போலீஸ் இல்லாமல் எந்த சர்க்கார் நடக்கும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஆனால் என் மனம் தந்தியின் பக்கந்தான். நவம்பரில் நாகபுரியில் கூடிய மாநாடு அவர் பக்கம் நிற்கவில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயணோ அதற்கு முன்பே வினோபாவின் இயக்கத்துக்குத் தம் வாழ்வை அர்ப்பணித்துவிட்டார். சமாதானம் பேசவேண்டியவர் அவர்தான்.

1955 முடியும் தறுவாயில் ஹைதராபாத்தில் லோகியா தனிக் கட்சி கண்டார். அதற்கும் பெயர் சோஷலிஸ்ட் கட்சியே. மறு வருஷம் நவம்பர் 1-ந் தேதி, விளவங்கோடும் கல்குளமும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன.